நிறமற்ற வாயு

வேதியியலில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலு.
அந்த ஆறு எங்கே போனதென்று பார்க்க
அப்பா ஒருநாள் கடலுக்குப் போகாமல்
விடைத்தாள் நகலுக்கு வரிசையில் நின்றார்.

அம்மோனியாவின் பண்புகள் யாவை?
நிறமற்றது. நெடியுடையது.
காற்றைவிட லேசானது.
நீரில் மிக எளிதாகக் கரையும்.
நாலு வரி, நாலு மதிப்பெண்.
முக்கியமான சொல்லுக்குக் கீழே
ஸ்கேல் வைத்து, பென்சிலால் கோடு போடச் சொல்வார்
எஸ்தர் ராஜகுமாரி டீச்சர்.
போட்டேன்.

அப்புறம் பி.காம்.
அப்புறம் காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு.
எத்தனை பார், எந்தப் படகு, யார் பேரில் கடன்.
ஐஸ் உடைக்கிற சத்தத்திலேயே வளர்ந்தவள்
தண்ணீர் எதனால் உறைகிறதென்று
ஒருநாளும் கேட்டதில்லை.
மாதச் சம்பளத்துக்கு அது தேவைப்படவுமில்லை.

தடைக்காலம் முடிகிற ராத்திரி.
எல்லாப் படகுக்கும் ஒரே நேரத்தில் ஐஸ் வேண்டும்.
மூணாம் நம்பர் கம்ப்ரசர் பக்கம்
குக்கர் விசிலுக்கு முன்னால் வருமே,
அந்தமாதிரி ஒரு சத்தம்.
பிறகு கண்.
முதலில் கண்தான், மூக்கு அப்புறம்.
இதை எந்த நோட்டிலும் நான் எழுதியதில்லை.

எழுந்து நிமிர்ந்து நின்றேன்.
மாடிப்படி தெரிந்தது.
ஏறினேன், மூணு படி.

துப்பட்டாவைப் பிடித்து யாரோ இழுத்தார்கள்.
"மேல போவாத! கீய குந்து, கீய!"
தேசப்பன்.
ஐஸ் தள்ளுகிறவன். பத்தாவது ரெண்டு தடவை ஃபெயில்.
தரையில் ஓடிய தண்ணீரில் கோணியை முக்கி
என் முகத்தில் அறைந்தான்.
மீன்வாடை, உப்பு, சணல்.
நாலு காலில் ஊர்ந்து
ஐஸ் இறங்குகிற சரிவு வழியாக வெளியே வந்தேன்.
அவன் திரும்ப உள்ளே போனான், வால்வை மூட.

சுவரில் சாய்ந்து
வாந்திக்கும் இருமலுக்கும் நடுவில்
அந்த ரெண்டு வரி வந்தது.
காற்றைவிட லேசானது.
நீரில் மிக எளிதாகக் கரையும்.
அட,
இதுதானா அது.

புத்தகம் பொய் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எனக்கு வசதி.
வரி சரி, அடிக்கோடும் சரி.
அந்தக் கோட்டுக்குக் கீழே
ஒரு ஆள் குனிந்து போக வேண்டிவரும் என்று
டீச்சர் சொல்லவில்லை.
நானும்தான் கேட்கவில்லை.

மறுநாள் விசாரணை.
மூடியது யார்? தேசப்பன்.
ஆபரேட்டரா? இல்லை சார், ஹெல்பர்.
ஏன் ஹெல்பர்?
பத்தாவது இல்லையே.
முதலாளி அவன் தோளைத் தட்டி
ஆயிரம் ரூபாய் கொடுத்தார்.
வேறொருவனை ஆபரேட்டராகப் போட்டார்,
டிப்ளமோ, திருநின்றவூர்க்காரன்.
மாதம் பாதி போன பிறகும்
எந்த வால்வு இறுகும் என்று தேசப்பனைத்தான் கேட்கிறான்.

இப்போது தேசப்பன் தனித்தேர்வர்.
மத்தியானச் சாப்பாடு முடிந்ததும்
என் மேசை எதிரில் ஸ்டூல் போட்டு உட்காருகிறான்.
பத்தாவதில் அம்மோனியா வருமா,
எனக்கு ஞாபகமில்லை.
ஆனாலும் அதைத்தான் முதலில் கேட்டேன்.
பண்புகள் யாவை?

ரொம்ப நேரம் எழுதினான்.
"கண்ணு எரியும். அப்பால இருமல் வரும்.
ஓடக் கூடாது, ஓடினா நிறைய மூச்சு வாங்கும்.
மூணாவது வால்வு டைட்டு,
ரெண்டு கையும் போட்டுத் திருப்பணும்.
பயந்தவங்கள மொதல்ல தள்ளி வுடணும்."

என் கையில் சிவப்பு பேனா.
தள்ளிவிடப்பட்டவள் நான்.

"இதுக்கு எத்தினி போடுவாங்க?"
"முட்டை."
"நீ இன்னா எழுதுன?"
சொன்னேன், நாலு வரி, மூச்சுவிடாமல்.
"அத்தான நானும் எழுதிக்கிறேன்?"
"அதேதான். ஆனா இப்படி எழுதக் கூடாது."

கொஞ்சநேரம் என்னையே பார்த்தான்.
வெளியே யாரோ பார் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
பிறகு எழுதியதை அடித்துவிட்டு
நான் சொல்லச் சொல்ல எழுதினான்.
நிறமற்றது.
நெடியுடையது.

ஸ்கேல் இல்லை.
ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தை வைத்துக் கோடு போட்டான்.
"சரி, கணக்கு எப்ப?
அதுலதான் ரெண்டு தபாவும் போச்சு."